கண்ணந்தையின் கட்டைவிரல் பொருட்டு விடுத்த ஓலை

நலமே விளைக. இரு போகமும் நெல் சாயும் மருதவாவி நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் அரசியார் வெண்ணிநங்கையாரின் திருவாய்மொழி கேட்டு, அவர்தம் அமைச்சன் பெரும்பூதன் சொல்ல எழுதிய ஓலை. காரியாற்றுக்கு அக்கரையில், யானைக்கும் மிளகுக்கும் குறைவில்லாத நன்னாட்டை ஆண்டு, பகைவர் கனவிலும் குதிரையேறி வரும் பெருவேந்தர் இருங்கூத்தர் திருமுன் இது வைக்கப்படுக. வேந்தர்க்கும் தேவியார்க்கும் பட்டத்து யானைக்கும் நோயின்மை உண்டாகுக. தங்கள் அவையில் மணிகளைச் சோதிக்கும் தலைவர் சேந்தங்கோடனார்க்கு மட்டும் கண்ணோய் விரைந்து நீங்குக என்று தனியே வேண்டிக்கொள்கிறோம்.

எம் தூதன் நேற்றுத் திரும்பிவந்து செய்தி சொன்னபோது பெரும்பூதன் உண்டுகொண்டிருந்தான். கேட்டவன் பாதி இலையில் எழுந்தான். அவன் பாதி இலையில் எழுவது இந்நாட்டில் எவரும் கண்டிராத காட்சி ஆதலால், பரிமாறியவர்கள் அரண்மனை தீப்பற்றியது என்றெண்ணி ஓடினார்கள். செய்தி இது: எம் நாட்டுக் கல் தீட்டுவோன் கண்ணந்தை, வேந்தர்க்கு உரிய நீலக்கல்லை ஒளித்துவிட்டுக் கண்ணாடிச் சில்லை வைத்து ஏய்த்தான் என்று குற்றம் சாட்டப்பட்டுத் தங்கள் சிறையில் இருக்கிறான், வரும் பௌர்ணமியன்று அவன் வலக்கைக் கட்டைவிரல் வெட்டப்படும்.

வேந்தர் நினைவுகூர்க. ஆற்றின் நடுமணலில் அகப்பட்ட அந்த நீலக்கல் யாருக்கு உரியது என்று இரு நாட்டுக் காவலரும் கழி ஓங்கி நின்றபோது, இரண்டாக அறுத்து ஆளுக்குப் பாதி கொள்வோம் என்று முதலில் சொன்னவர் தாங்களே. ஒரே கல், ஒரே நிறம், இரு பாதியிலும் ஓடிய வெண்புகை போன்ற ஒரே இழை. தீட்டியவனும் ஒருவனே. பின் ஒன்று ஆழ்கடலாகவும் மற்றொன்று நிறமற்ற கிணற்று நீராகவும் ஆனது எங்ஙனம்?

எம் பாதியைத்தான் அவன் முதலில் தீட்டினான். அவையில் காட்டிய அன்று, உள்ளே இழையைக் கண்ட பெரும்பூதன், பூனைமயிர் ஒட்டியிருக்கிறது என்று வாயால் ஊதினான், போகவில்லை. மேலாடையால் துடைத்தான், அதற்கும் அசையவில்லை. கண்ணந்தை அவைக்கு அடங்கிய பேச்சு அறியாதவன். "தேய்த்துத் தேய்த்து உம் துணிதான் கிழியும் ஐயா. அந்த இழை கல்லோடு பிறந்தது. உள்ளே போகிற வெளிச்சத்தைப் பனிமூட்டம்போல் பரத்துவது அதுதான். நீலம் பட்டுப்போல் இருப்பது அதனால். அதை எடு என்றால் பாதிக் கல்லை எடுக்கவேண்டும்" என்றான். அடிப்புறம் ஏன் இத்தனை பருமன், விரலை உறுத்தாதா என்று பெரும்பூதன் கேட்டதற்கு, "கல்லுக்கும் உம்மைப்போல் வயிறு வேண்டும் ஐயா. உள்ளே போன வெளிச்சம் அங்கே சுவருக்குச் சுவர் மோதி, நிறத்தைக் குடித்து, மேலே திரும்பவேண்டும். வயிறில்லாத கல்லில் அடிவழியே ஒழுகிவிடும். என்ன, உம் வயிற்றுக்குள் போனது எதுவும் திரும்பியதாகக் கேள்வியில்லை" என்றான். அரசியார் சிரித்தார். அவை சிரித்தது. சாமரம் வீசியவள் சாமரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பெரும்பூதன் மானம் பொறாமல் அன்று மோர் மட்டும் குடித்துப் படுத்தான். அப்பம் வேகும் மணம் வந்ததும் எழுந்தான்.

தங்கள் பாதிக்கு நேர்ந்தது வேறு. இழை துளியும் இருக்கலாகாது என்றார் சேந்தங்கோடனார். அதோடு நின்றாரா? கல்லை ஓலைமேல் வைத்தால், கீழே எழுதியிருக்கும் வேந்தர் திருப்பெயரைக் கல்லின்வழி படிக்க முடியவேண்டும், அதுவே தெளிவுக்கு அடையாளம் என்றார். அப்படியானால் ஓலைதான் தெரியும், கல் தெரியாதே தலைவரே என்றானாம் கண்ணந்தை. வேந்தர் பெயரைக் காட்ட மறுக்கும் கல்லை வேந்தர் முடியில் வைப்பது அரசநிந்தை அன்றோ என்று கேட்டாராம் இவர். இப்படிக் கேட்டால் எவன்தான் என்ன சொல்வான்? அவன் இழையை அரிந்தான். வயிற்றைத் தேய்த்துத் தட்டையாக்கினான். சேந்தங்கோடனார் அதன்வழி தங்கள் பெயரைப் பட்டங்களோடு உரக்கப் படித்துக் கைதட்டினார். முடிசூட்டு நாளில் அதைப் பொன்னில் பதித்தபோது அடியில் இருந்த அரக்குத் தெரிந்தது, நீலம் தெரியவில்லை. கல்லை மாற்றிவிட்டான் என்று முதலில் கூவியவரும் அவரே.

வேந்தே, இது என்ன நீதி? சொன்னதைச் செய்யாதவனைத் தண்டிப்பார்கள், கேட்டிருக்கிறோம். சொன்னதைச் செய்தவன் விரலையா வெட்டுவார்கள்? நீலத்தை எங்கே ஒளித்தான் என்று அவனை அடித்துக் கேட்கிறார்களாம். நாங்கள் சொல்கிறோம்: தங்கள் பட்டறைத் தரையில் தூளாகக் கிடந்தது, பெருக்கிக் கொட்டிவிட்டார்கள்.

அமைச்சன் இத்தனை சினம் கொள்வது அழகன்று. தன் வயிற்றை வைத்து அவையைச் சிரிக்கவைத்தவனுக்காக வாய்நோகப் பேசுவது பெரும்பூதனுக்கே வியப்பாக இருக்கிறது. இன்று காலை கண்ணந்தையின் மனைவி நக்கண்ணி அரண்மனை வாயிலில் வந்து நின்றாள். அழவில்லை. "அவர் வாயை வேண்டுமானால் தைத்து அனுப்பச் சொல்லுங்கள். கையை விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றாள். அதன்பின் பெரும்பூதனுக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. நம்புவது அரிது என்று அறிவோம், சமையற்கூடத்தார் சான்று.

ஆகவே அரசியார் தம் விரலிலிருந்த நீலத்தைக் கழற்றி இவ்வோலையோடு விடுத்திருக்கிறார். இரண்டு கல்லையும் காலை வெயிலில் தங்கள் உள்ளங்கையில் வையுங்கள். தங்கள் கல்லின்வழி கைரேகை தெரியும். எம் கல்லில் ரேகை தெரியாது, நீலம் தெரியும். அதற்குள் இழையும் தெரியும், மறைக்கவில்லை. எதன்மேல் தங்கள் விரல்கள் தாமே மூடுகின்றனவோ அதைக் கொள்க. எம் கல்லாயின் அது தங்கள் முடிக்கே ஆகுக. தட்டைக் கல்லைச் சேந்தங்கோடனாரிடம் கொடுங்கள், ஓலை படிக்க உதவும். கண்ணந்தையைப் பத்து விரலோடு படகேற்றுங்கள். தங்கள் கை வெறுமையாகுமே அம்மா என்று பெரும்பூதன் தயங்கியபோது, "கல் போனாலும் எனக்கு விரல் இருக்கிறதே" என்றார் அரசியார். அதை அப்படியே எழுதப் பணித்தார்; எழுதினோம்.

அண்டை நாட்டு வேந்தர்க்கு ஆணையிட எமக்கு உரிமை இல்லை. எம் துறைக் காவலர்க்கு உண்டு: படகு வரும்வரை கரையைவிட்டு அகலற்க, இறங்குவோனின் வலக்கையைப் பற்றிக் கட்டைவிரலைத் தொட்டுப் பார்க்க, அவன் வாய் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்க.

அரக்கில் நாரை முத்திரை இட்டோம். அருகே பதிந்திருப்பது பெரும்பூதனின் வலக்கைக் கட்டைவிரல். பௌர்ணமியன்று ஒரு விரல் விழுந்தே ஆகவேண்டுமாயின் இந்த விரலை வந்து கொள்ள, அடையாளத்துக்கு வைத்தது. கல் தீட்ட உதவாது; அப்பம் பிட்டே பழகியது. அரக்கு ஆறுமுன் பதித்தமையால் விரல் கொப்பளித்து, பதிவு சற்றுக் கோணலாக விழுந்திருக்கிறது, பொறுத்தருள்க. இரு கரையும் வாழ்க.