கிழிந்த இரண்டு தாள்

அக்கா,

உங்கள் வீட்டுக்காரர் நேற்றுக் கடைக்கு வந்தார். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அலுமாரியை ஒதுக்கும்போது கிடைத்ததாம். ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "செல்வியிட்டக் குடுக்கச் சொன்னவ" என்றார். பிரித்தால் நம்முடைய ஸ்பானிஷ் புத்தகம். அதே பிரவுண் பேப்பர் உறை, உங்கள் அலுமாரியின் நப்தலின் வாசம். வேறு யாராவது என்றால் கண் கலங்கியிருப்பார்கள். நான் முதலில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். நீங்கள் சும்மா எதையும் அனுப்புகிற ஆள் இல்லையே.

ஒன்றும் விழவில்லை. ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் இரண்டு தாள் கிழிபட்ட ஓரம் மட்டும் அப்படியே இருந்தது. புத்தகத்தை மூடி மேசைக்குக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் என்ன கேட்டார்கள், நான் எதை எடுத்துக் கொடுத்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் சந்தேகக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். தேத்தண்ணியில் சீனி கூடினால்கூட இன்றைக்கு ஏன் கூடியது என்று கேட்பேன். ஆனால் அந்த நாளில் உங்களை நான் சந்தேகப்பட்ட மாதிரி வேறு யாரையும் பட்டதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்பு, வெளிநாட்டுக்காரருக்கு மரச்சாமான் விற்கிற நம் கடையின் முதலாளி, நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு இந்தப் புத்தகத்தைத் தந்தார். "ஸ்பெயின்காரங்க நெறைய வாராங்க. ரெண்டு பேருல ஆரு நல்லாப் படிக்கிறீங்களோ அவங்க முன் கவுண்டர்ல நிக்கட்டும். மத்தவங்க பெக்கிங்" என்றார். பின்பக்கத்துப் பெக்கிங் அறையில் ஜன்னல் கிடையாது. முகமூடியும் மரயானையும் சுற்றுகிற இடம், எந்த நேரமும் வைக்கோலும் மரத்தூளும். எனக்கோ இழுப்பு வருத்தம், தூசு பட்டால் மூச்சு முட்டும். அங்கே போனால் ஒரு மாதம் தாங்கமாட்டேன், வேலையை விட்டுவிட்டு ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தோட்டத்து லய வீட்டிலேயே கிடந்து அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அதனால் அந்தப் புத்தகம் எனக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

இருந்தது ஒரே புத்தகம். ஒரு நாள் உங்கள் வீட்டில், ஒரு நாள் என் வீட்டில். உங்களிடமிருந்து திரும்பி வரும்போது பயிற்சிப் பக்கங்களில் பென்சில் எழுத்தை அழித்த தடம் இருக்கும். அழித்தது என்ன? எனக்குத் தெரியக்கூடாத எதை எழுதியிருந்தீர்கள்? கேட்டதற்கு, "நீரும் யோசிச்சுச் செய்ய வேணுமெல்லே, அதுதான் அழிச்சனான்" என்றீர்கள். எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. போட்டி போடுகிற ஒருத்தி மற்றவள் யோசிக்க வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

பிறகு அந்தப் பாடம் வந்தது. புத்தகம் இங்கிலீஷ்காரருக்காக எழுதியது. அவர்களிடம் பொருளைச் சுட்ட இரண்டு சொல்தான், கிட்ட இருந்தால் ஒன்று, தள்ளி இருந்தால் ஒன்று. ஸ்பானிஷில் மூன்று: எஸ்தே, எஸே, அக்கெல். அதை அவர்களுக்குப் புரியவைக்கப் படம் போட்டு, அட்டவணை போட்டு, இரண்டு தாள் முழுக்க மன்றாடியிருந்தார்கள். போதாததற்கு ஆண்பால் பெண்பால் வேறு. மரயானை ஆண், பேய் முகமூடி பெண். எனக்கு இங்கிலீஷ்காரரின் நிலைமைதான், இந்த, அந்த, அவ்வளவுதான். ஒரு கிழமை, ஏழு நாளும், தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

நீங்கள் பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்தை ஒருதரம் பார்த்தீர்கள். "உதில என்ன கஷ்டம் கிடக்கு? என்ர கையில இருக்கிறது இது. உம்மட கையில இருக்கிறது உது. அங்க மேல் தட்டில இருக்கிறது அது. விளங்குதே?" சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினீர்கள்.

"எங்களுக்கு இதுவும் அதுவுந்தான் அக்கா இருக்கு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அந்த 'உது' பிறந்ததிலிருந்து உங்கள் வாயில் இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. யாரோ களவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் முன்னால் நடிக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று பின்நேரம் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். நீங்கள் குண்டசாலையில் இறங்கிக் கை காட்டினீர்கள். பஸ் திகனயைத் தாண்டியதும் நான் அந்த இரண்டு தாளையும் கிழித்தேன். அடுத்த நாள் உங்கள் முறை, முதலாளி அந்தக் கிழமையே சோதிப்பார், அதைப் படிக்க உங்களுக்குக் கிடைக்கக்கூடாது. கிழித்த தாளை மூன்று தரம் வாசித்தேன், அப்போதும் விளங்கவில்லை. சுருட்டி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டேன்.

அடுத்த நாள் நீங்கள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனீர்கள். அதற்கு மறுநாள் முதலாளி உங்களை உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்து, "எனக்கு நிண்டு நிண்டு கால் உளையுது. நீர் முன்னுக்கு நில்லும்" என்று சொல்லிவிட்டு நேரே பெக்கிங் அறைக்குப் போனீர்கள். அதையும் நான் நம்பவில்லை. வேறு எங்கோ நல்ல வேலைக்குப் பேசி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எங்கேயும் போகவில்லை. நான் மேல் தட்டு முகமூடியைக் கேட்டவருக்குக் கையருகில் இருந்ததைக் கொடுத்து விழிக்கும்போதெல்லாம், பெக்கிங் அறை வாசலில் நின்று நாடியை நீட்டிச் சரியானதைக் காட்டுவீர்கள். ஐந்து வருடம் காட்டினீர்கள். தாளைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. நான் கிழித்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று ஐந்து வருடமும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் புத்தகம் வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடை மூடமுன் முதலாளியிடம் போனேன். "அந்தப் புத்தகத்தில தாள் கிழிச்சது நான்தான் முதலாளி" என்றேன்.

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும் புள்ள. புத்தகம் ரெண்டு பேருட கையிலதானே ஈந்திச்சி. சோதிக்கப் பாத்தப்ப தாள் இல்ல, அவங்களக் கூப்பிட்டுக் கேட்டேன். ஊட்டுல சின்னவன் கிழிச்சிப் போட்டான் எண்டாங்க."

உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது கடை முழுக்கத் தெரியும். நீங்கள் போகாத கோயில் இல்லை என்பதும் தெரியும்.

அக்கா, நான் எப்படிப்பட்டவள் பாருங்கள், அந்த இடத்தில்கூட எனக்குச் சந்தேகம்தான் வந்தது. எலி கடித்தது என்று சொல்லியிருக்கலாம். மழையில் நனைந்து கிழிந்தது என்றிருக்கலாம். யாரும் நம்பாத பொய்யைச் சொன்னால் முதலாளி யாரைப் பார்ப்பார்? என்னைத்தானே? காப்பாற்றுவது மாதிரிக் காட்டிக்கொடுத்தீர்களா? அவருக்கு முன்னாலேயே நின்று இதைத்தான் யோசித்தேன்.

அப்போது அவர் போனைக் கீழே வைத்தார். "பொய் எண்டு வெளங்கிச்சி. அப்ப மகனுக்கு வயசென்ன எண்டு வேணுமெண்டே கேட்டேன். மூணு வயசு, சரியான குழப்படி, சும்மா இரிக்க மாட்டான் எண்டு சொல்லிச் சிரிச்சாங்க. அதுக்குப் பொறகு நான் என்னத்தக் கேக்க? செல்விக்கு மரத்தூள் ஒத்துக்கொள்ளாது, நானே பின்னுக்குப் போறன் எண்டும் அவங்கதான் சொன்னாங்க."

ஒருத்தியைக் காட்டிக்கொடுக்க நினைப்பவள் இல்லாத பிள்ளைக்கு வயது சொல்லமாட்டாள். அவன் குழப்படி என்று சொல்லிச் சிரிக்கமாட்டாள். எவ்வளவு தோண்டிப் பார்த்தாலும் இதில் மட்டும் எனக்குச் சந்தேகப்பட ஒன்றும் அகப்படவில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா.

கிழித்தது நான்தான். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குண்டசாலைக்குப் போய் உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்வேன். ஐந்து வருடம் ஒரே சீட்டில் தோளோடு தோள் உரச வந்த உங்களிடம்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன்.