மூன்று கெப்பாசிட்டரும் ஒரு குமிழும்

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சித்தப்பாவும் இங்கே சௌக்கியம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் போன தடவை பேசியபோது உன் குரலே சரியில்லை. கிதார் சத்தம் மழுங்கலாக இருக்கிறது, ஒலிப்பதிவுக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று உங்கள் குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம், உசத்தியான டோன் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றுவாயாம், அதற்கும் மசியாவிட்டால் கிதாரையே விட்டுவிடுவாயாம். விடுவதாவது! ஊரார் ஆம்ப்ளிஃபயரையெல்லாம் பழுது பார்த்துப் பிழைக்கிறவள் பெண் ஒரு பொடிப் பாகத்துக்குப் பயந்து ஓடுவதா, ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று இறங்கிவிட்டேன்.

நீ விட்டுப்போன பழைய கிதாரைக் கடை மேசையில் போட்டு, டோன் கெப்பாசிட்டரைக் கழற்றி, அந்த இடத்திலிருந்து இரண்டு வயரை வெளியே இழுத்துவிட்டேன், கிளிப்பில் மாற்றி மாற்றி மாட்டலாம் பார். பீங்கான் பொட்டு ஒன்று, பிளாஸ்டிக் ஒன்று, நீ ஆசைப்பட்ட எண்ணெய்க் காகிதம் சுற்றியது ஒன்று. மூன்றும் ஒரே அளவுதானா என்று மீட்டர் வைத்துப் பார்த்துதான் பொறுக்கினேன், அளவு மாறினால் சத்தமும் மாறும், அப்புறம் என்ன ஒப்பிடுவது. நான் தந்தியை மீட்ட, அப்பாவும் சித்தப்பாவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டார்கள். சித்தப்பா பீங்கானைக் கேட்டுவிட்டு, ஆகா வழவழன்னு இருக்கு அண்ணி, இதுதான் எண்ணெய் போட்டது என்றார். மாற்றுவதுபோல நடித்து அதையே மறுபடி மாட்டினேன், இது மட்டம், தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு என்றார். அப்பா எல்லாம் ஒண்ணுதான், டீ எப்ப வரும் என்றார். அப்போதுதான் கவனித்தேன், டோன் குமிழை முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறேன், புத்திசாலி. திறந்திருந்தால் கெப்பாசிட்டருக்குப் பெரிதாக வேலையே கிடையாது. குமிழை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தேன், மூன்றும் கணீரென்ற மேல் சத்தத்தை ஒரே மாதிரிதான் விழுங்கி மழுங்கடித்தன.

பிறகு நீ போனில் அனுப்பிய பதிவைப் போட்டேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாப்பா குமிழை மூடிட்டு வாசிக்கிறா என்றார். எப்படித் தெரியும் என்றேன். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து நான் படுத்திருக்கும்போது இப்படித்தானே வாசிப்பா, எனக்குத் தெரியாதா என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்போது நமக்கு இருந்தது ஒரே அறை. கிதாரை மடியில் எடுத்ததும், தந்தியைத் தொடுவதற்கு முன்னாலேயே, அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே உன் சுண்டுவிரல் குமிழை மூடிவிடும். யாரும் சொல்லித் தரவில்லை, நீயாகப் பழகிக்கொண்டாய். அப்பா வேலையைவிட்டு ஓய்ந்து எத்தனை காலமாகிவிட்டது, உன் விரலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. உன்னை நினைத்து அழுகையாக வந்தது, மறைப்பானேன். அப்பாவோ, நான் எங்கே தூங்கினேன், கண்ணை மூடிக்கிட்டு அவ வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன் என்கிறார்.

ஆகையால் எந்த கெப்பாசிட்டரையும் வாங்காதே. தலைவரிடம் போய் இன்னொரு தடவை வாசித்துக் காட்டுகிறேன் என்று தலை நிமிர்ந்து கேள், கெஞ்சாதே. குமிழை முழுக்கத் திற. முதலில் உன் காதுக்கே கூச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள். விரல் தானாக அங்கே ஓடும், குமிழ்மேல் டேப்பை ஒட்டிவிடு. வெறும் வயிற்றோடு மட்டும் போகாதே.

நீ எடுத்த காரியம் ஜெயிக்கும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. வாசிக்க உட்காரும்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அப்பா முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

உன் பிரியமுள்ள,
அம்மா