பலகைக் கடைக்காரனின் வலது தோள்

மார்ச் 4

இன்று காலை பதினெட்டு எம்.எம். பிளைவுட் ஒன்றை அடுக்கின் உச்சியிலிருந்து இழுத்து இறக்கும்போது வலது தோளில் ஏதோ கிழிந்தது. வெளியே சத்தம் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஈரத்துணியைக் கிழிப்பது போல.

வாங்க வந்த தச்சர் எதிரிலேயே நின்றார். நான் பலகையைக் கீழே விடவில்லை. நிறுத்தி வைத்து, இடது கையால் தட்டிக் காட்டி, விலை பேசி, ஏற்றி அனுப்பும்வரை வலது கையைப் பேன்ட் பையில் வைத்திருந்தேன்.

என் கடையில் அது வழக்கம். பலகையை முதலாளியே இறக்கிக் காட்ட வேண்டும். வேலையாள் இறக்கினால் வாங்குபவன் பலகையைப் பார்ப்பான். நான் இறக்கினால் என்னைப் பார்ப்பான். "இந்த வயசுலயும் ஒண்டியா இறக்குறாரே" என்று வாயைப் பிளந்தான் என்றால் பாதி வியாபாரம் முடிந்தது. தலையில் பலகை சுமந்து முதல் சேர்த்தவன் நான். கல்லாவில் உட்கார்ந்து ஏவிப் பழக்கமில்லை.

சுளுக்காகத்தான் இருக்கும்.

மார்ச் 5

சட்டைக்குள் கை நுழையவில்லை. வீட்டுக்காரிதான் மாட்டிவிட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் கையைப் பிடிக்க விட்டிருக்கீங்க" என்கிறாள். சிரிப்பதற்கும் தோள் வேண்டியிருக்கிறது என்பது இன்று தெரிந்தது.

மார்ச் 9

எண்ணெய், ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. சுளுக்கு இல்லை. ஸ்கேன் எடுத்து, பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தோள் மட்டத்துக்குத் தூக்கி, "இப்படியே வெச்சிருங்க சார்" என்று விட்டார். கை தொப்பென்று விழுந்தது. என் கைதான். நான் சொல்லி அது கேட்கவில்லை.

ஒரு எலும்புப் பொம்மையை வைத்துக்கொண்டு விளக்கினார். இடுப்பு மூட்டு கிண்ணத்தில் வைத்த பந்து. தோள் அப்படி இல்லை. சின்னத் தட்டில் வைத்த பெரிய பந்து. அதனால்தான் எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் சுலபமாகக் கெட்டும் போகிறது. நான்கு சின்னத் தசைகள் சுற்றி நின்று பந்தைத் தட்டிலேயே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதில் மேலே உள்ள தசையை எலும்போடு கட்டும் நாண், தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒரு சந்துக்குள் புகுந்து வருகிறது. கையை மேலே தூக்கித் தூக்கி வருஷக்கணக்காக அது அங்கே உரசியிருக்கிறது.

"அன்னைக்குக் கிழிஞ்சது அன்னைக்கு ஆரம்பிச்சதில்ல சார்."

புரிந்தது. பலகையிலும் உண்டு. மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒட்டு விட்டிருக்கும்.

நாண் பாதிதான் கிழிந்திருக்கிறதாம். கனம் தூக்காமல் பயிற்சி செய்தால் மூன்று மாதத்தில் கை பயன்படும் என்றார்.

"ஒண்ணரை மாசம்னு வெச்சுக்கலாமா?"

"இது பேரம் பேசாது சார்."

எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

மார்ச் 13

ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி இழுக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. உட்கார்ந்து யோசித்தேன். ரெண்டு தடவைக்கு மூன்று மாதம் என்றால், ஆறு தடவைக்கு ஒரு மாதம். சின்னக் கணக்கு. இதை ஏன் அந்த அம்மா சொல்லவில்லை? வாரா வாரம் நான் வர வேண்டும் அல்லவா.

விளையாட்டுச் சாமான் கடையில் இன்னும் கெட்டியான பட்டை வாங்கிவந்தேன்.

மார்ச் 18

கை காதுவரை போகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 21

கை எழவே இல்லை. தோள் கொதிக்கிறது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, கடைக்குள் கூண்டில் அடைத்த நாய் மாதிரி நடக்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரம், வழக்கமாக என்னிடம் வாங்கும் கான்ட்ராக்டர் வருகிறார். ஒரு முழு ஓட்டலுக்கு அலமாரிப் பலகை. வருஷத்தின் பெரிய வியாபாரம். அவர் பலகையைப் பார்த்து விலை பேசுகிற ஆள் இல்லை, ஆளைப் பார்த்து விலை பேசுவார். எனக்கு முடியவில்லை என்று தெரிந்தால், கடையை மூடப்போகிறான், சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன்.

ஒரே ஒரு பலகை. ஒரே ஒரு தடவை. அது மட்டும் முடிந்தால் போதாதா?

மார்ச் 24

திரும்பவும் ஸ்கேன். கிழிசல் பெரிதாகியிருக்கிறது. பிசியோதெரபி அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனை தடவை செஞ்சீங்க?"

சொன்னேன். பட்டையையும் காட்டினேன்.

"ஒரு வாரத்து மாத்திரையை ஒரே வேளையில முழுங்கினா காய்ச்சல் ஏழு மடங்கு சீக்கிரம் போயிடுமா சார்? தசைக்கு ரத்தம் நல்லா ஓடும், சீக்கிரம் தேறும். நாணுக்கு ஓடுறதே கொஞ்சம். அது தன் வேகத்துலதான் ஆறும். நீங்க ஆற விடல, அறுத்திருக்கீங்க."

இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். அதுவும் போனால் தசை உள்ளே சுருங்கிக்கொள்ளும், எலும்பில் துளை போட்டு நாணை இழுத்துக் கட்ட வேண்டும். ரொம்ப நாள் விட்டால் கட்டவும் வராது. "அப்புறம் சீப்பு எடுத்துத் தலை வாரக்கூட இன்னொருத்தர் வேணும்" என்றார்.

தலையில் வாருவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன்.

மார்ச் 28

சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பலகைகளை மச்சினன் இறக்குகிறான். வீட்டுக்காரியின் தம்பி, பத்து வருஷமாகக் கடையில் இருக்கிறான். வேலையாளை மறுமுனையில் பிடிக்கச் சொல்லி, மெதுவாகச் சரித்து, முழங்காலில் தாங்கி இறக்குகிறான். ஒரு பலகைக்கு ரெண்டு ஆள். பார்க்கவே வயிறு எரிகிறது.

"பல்லக்கா தூக்குறீங்க?" என்று கத்தினேன்.

"பல்லக்குன்னா நாலு பேர் மாமா" என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2

கான்ட்ராக்டர் வந்தார். மேல்மாடிக் கிடங்கில் புதுச் சரக்கு இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். எப்போதும் போல, "இங்கேயே ஒண்ணு இறக்குங்கண்ணே, நீங்க இறக்கினாத்தான் எனக்குத் திருப்தி" என்றார்.

எழுந்தேன். கால் தானாக அடுக்குப் பக்கம் போய்விட்டது. வலது கை எழும்ப ஆரம்பித்து, இடுப்பைத் தாண்டியதும் உள்ளே சுருக்கென்றது. நாணின் அந்த மிச்சப் பிடிதான். மச்சினன் "மாமா" என்றான்.

கையைக் கீழே விட்டேன். "தோள் கிழிஞ்சிருக்கு. இனிமே நான் இறக்க மாட்டேன். இவன் இறக்குவான்."

கான்ட்ராக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்போ கடை?"

"கடைக்கு ஒண்ணும் கிழியல."

அவர் பேன்டைச் சுருட்டி முழங்கால் உறையைக் காட்டினார். "மூட்டுக்குள்ள சவ்வு போச்சு. மூணு வருஷம் ஆச்சு. மாடிப்படின்னாலே உயிர் போகுது. சைட்டுல ஒருத்தனுக்கும் தெரியாது. நொண்டின்னு தெரிஞ்சா எவன் வேலை கொடுப்பான்?"

அடப்பாவி. என் பலத்தை ரசிக்கிறார் என்று நினைத்து மூன்று வருஷமாக எல்லாவற்றையும் இறக்கிக் கொட்டியிருக்கிறேன். அவருக்கு மாடி ஏற முடியவில்லை, அவ்வளவுதான்.

விலையை மட்டும் விடவில்லை. மத்தியானம்வரை அடித்துப் பேசினார். நானும் இறங்கவில்லை. பட்டியல் விலைக்கே முடிந்தது. வண்டிக்கூலி என்னுடையது.

ஏப்ரல் 3

பழக்கதோஷம். கல்லாவுக்கு மேலே இருந்த விளக்கைத் துடைக்கக் கை போனது. பாதியில் நிறுத்தினேன். முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

ஏப்ரல் 9

ஸ்கேனில் கிழிசல் அதற்கு மேல் போகவில்லை. கத்தி இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கெட்டிப் பட்டையைப் பிசியோதெரபி அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

கடைக்கு வந்தால் மச்சினன் கல்லாவுக்கு எதிரில் நிற்கிறான்.

"மாமா, இனிமே சம்பளத்துக்கு இறக்க மாட்டேன். பங்கு வேணும்."

"பத்து வருஷமா கேக்கலையே?"

"பத்து வருஷமா உங்க கை நல்லா இருந்துச்சே."

வெளியாள் ஒருவன் என் தோளைப் பார்த்து விலையை அடிப்பான் என்று பயந்துகொண்டிருந்தேன். அடித்தவன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். வீட்டுக்காரியிடம் போனில் சொன்னால், "யார்கிட்ட தொழில் கத்துக்கிட்டான்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பங்கோடு நிற்கவில்லை. அடுக்கு உயரத்துக்கும் வந்தான். "எனக்கும் இருக்கறது இந்த ரெண்டு தோள்தான் மாமா." பங்கு நூற்றுக்கு இருபது கேட்டான். எட்டு என்றேன். தேநீர் ரெண்டு முறை வந்தது.

முடிவானது: லாபத்தில் நூற்றுக்குப் பதினான்கு அவனுக்கு. எந்த அடுக்கும் நெஞ்சுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பலகைக்கு ரெண்டு ஆள். விலை பேசுவது நான். என் வலது கை தோளுக்கு மேல் எழும்பினால், அபராதமாக அந்த மாதம் அவனுக்குப் பதினைந்து.