அந்தோனியாருக்குக் கொடுத்ததாகச் சொன்ன முடி

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று, கடல் கொந்தளிக்கிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு இன்று வள்ளம் இல்லை. அப்பா கடலுக்குப் போகாமல் முற்றத்தில் கிழிந்த வலை பொத்துகிறார்.

வாயில் இரும்பு ருசி. தேநீர் சவர்க்காரம் மாதிரி. மீன்குழம்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, ஏனோ.

டொக்டரிடம் கேட்க: நகம் ஏன் கறுக்கிறது? தலைமுடி போயும் புருவம் ஏன் நிற்கிறது? உடம்பில் நல்ல கலம் எது, கெட்ட கலம் எது என்று மருந்துக்கு எப்படித் தெரியும்? போன முறை சிரித்தார். "நீர் வருத்தம் மாத்த வந்தனீரோ, சோதனை எடுக்க வந்தனீரோ?" இரண்டுக்கும்தான்.

இருபத்துநாலு வயதில் மொட்டை. காய்ச்சல் மாறவேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து முடி கொடுத்தேனாம். ஊருக்கு அம்மா சொன்ன கதை. அக்காவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். தங்கைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் குழம்பிவிடும் என்று பயம்.

யூலை 9, புதன்

அதே காற்று. பக்கத்து வளவு ஸ்டெல்லா அக்கா கருவாடு கொண்டுவந்தார். அம்மா தண்ணீர் அள்ளப் போயிருந்தார். என் தலையைத் தடவிப் பார்க்கலாமா என்று ஸ்டெல்லா அக்கா கேட்டார். தடவினார்.

"முடி குடுத்தாப் பிறகுதானே உனக்குச் சுகம் வந்தது?"

"ஏனக்கா?"

"எனக்கு நெஞ்சிலை ஒரு கட்டி. நோவில்லை. இவருக்கும் சொல்லேல்லை. வாற செவ்வாய் நானும் முடி குடுக்கப் போறன்."

"ஆஸ்பத்திரியிலை காட்டினீங்களோ?"

"உனக்கு மாறினதுதானே, பிள்ளை."

நான் உண்மையைச் சொல்லவில்லை. போய்விட்டார். கருவாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா மேல் கோபம். என் மேல் அதைவிட.

யூலை 10, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. உன்ரை கதையைச் சொல்லாதை. கொக்காவின்ரை கலியாண விசயம் குழம்பிப்போகும்."

"என்ரை கதையைச் சொல்லாட்டி அவ போகமாட்டா, அம்மா."

குசினிக்குள் இருந்து என் அக்கா: "சொல்லட்டும். இதுக்குக் குழம்புற சம்பந்தமெண்டால் குழம்பட்டும்."

அக்காவா இது? கரப்பானுக்கே கத்துகிறவள். அம்மா அழுதார். பிறகு தடுக்கவில்லை.

பின்னேரம் ஸ்டெல்லா அக்கா வீடு. அவர் கையை எடுத்து, சதை வெட்டிச் சோதித்த என் கழுத்துத் தழும்பில் வைத்தேன்.

"முடியை அந்தோனியார் எடுக்கேல்லை அக்கா. மருந்து எடுத்தது. எனக்குப் புற்றுநோய்."

அவர் கையை எடுக்கவில்லை. பிறகு, "நோகுமோ?"

தெரிந்ததை எல்லாம் சொன்னேன். எங்கே நோகும், எங்கே நோகாது, குமட்டிச் சத்தி வந்தால் தேசிக்காயை முகர்வது, கட்டி எல்லாம் புற்றும் இல்லை என்பது. என் அலட்டல் கேள்விகளுக்கெல்லாம் இப்படி ஒரு வேலை இருக்கும் என்று நினைக்கவில்லை. இரவு சந்தோசமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

யூலை 14, திங்கள்

காற்றுத் தணிந்தது. ஆஸ்பத்திரிக்குக் காலை வள்ளம். ஸ்டெல்லா அக்கா என் பக்கத்தில். எதிரில், அக்காவுக்குப் பேசும் மாப்பிள்ளையின் பெரியம்மா. வேறு நாளே கிடைக்கவில்லை அவருக்கு.

காற்றில் என் தலைத்துணி விலகியது.

"என்ன பிள்ளை, நேர்த்தியோ?"

ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார். நான் ஓம் என்றால் அவர் திரும்பவும் நேர்த்தியை நம்பி, குறிகட்டுவானில் இறங்கி அடுத்த வள்ளத்தில் திரும்பிவிடுவார்.

"இல்லை மாமி. புற்றுநோய். மருந்து ஏத்துறன். இவவையும் காட்டக் கூட்டிக்கொண்டு போறன்."

பெரியம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குதுறை தெரிந்ததும் என் பக்கம் குனிந்தார்.

"முதல் எந்தக் கிளினிக்குக்குப் போகவேணும், பிள்ளை?"

சொன்னேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.