சாவியையும் கொடுத்துவிட்டார்

மொன்டானா, அக்டோபர்

அன்பு மகளுக்கு,

அப்பா தன் துப்பாக்கிகளை எல்லாம் பக்கத்துப் பண்ணை லோர்னாவிடம் கொடுத்துவிட்டார். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. போன வாரம் தொழுவத்திலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவர், மறுநாள் தானே அவளைக் கூப்பிட்டார்.

"நானே வந்து கேப்பேன். எவ்வளவு திட்டினாலும் குடுக்காத. எனக்கப்புறம் எம்பொண்ணுகிட்ட குடு" என்று துப்பாக்கிப் பெட்டியின் சாவியையும் கொடுத்தார்.

நேற்று நிஜமாகவே போய்க் கேட்டாராம், மான் வேட்டைக்கு நேரமாகிறது என்று. லோர்னா தரவில்லை.

"குடுக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னீங்க."

கொஞ்சம் யோசித்தாராம். "அப்ப அவன் பேச்சையே கேளு. வெவரமானவன்" என்று சொல்லி, காபி குடித்துவிட்டு வந்தார்.

இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். பனி விழுமுன் வந்துவிடு. உன் பெயரைத் தினமும் சொல்கிறார்.

உன் அம்மா