ஏரி மண் பாட்டுக்கு இரண்டாவது குரல்

20 ஆகஸ்ட் 2023, ஞாயிறு

காலையிலேயே மகன் ஜீவாவோடு சண்டை. என் பழைய ஏரி மண் பாட்டை ஊராட்சித் தலைவருக்கு எதிராகப் பாடப் போகிறானாம். யாருக்கு எதிராக? சின்னராஜுக்கு! இருபது வருஷம் என் உடுக்கைக்குப் பின்பாட்டுப் பாடியவன். வீடு வீடாக ஓட்டுக் கேட்டு அவனைத் தலைவராக்கியதே நான்தான்.

“அப்பா, வெள்ளாமைக் காட்டுக்குப் போடறதுக்குன்னு அள்ளற வண்டல் மண்ணு செங்கச் சூளைக்குப் போகுதுங்க. விடியால பால் வண்டி ஓட்டறவனுக்குத் தெரியாதுங்களா?” என்கிறான்.

வாயை மூடு என்றேன். உடுக்கையைத் தொடாதே என்றும் சொன்னேன்.

23 ஆகஸ்ட்

உடுக்கையைக் காணோம். கழுதை, எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

3 செப்டம்பர்

சின்னராஜ் வந்தான். “அர்த்தநாரிண்ணா, பையனைச் சொல்லி வையுங்க. நாளைக்கு அவனுக்கொரு பொண்ணு பாக்கோணுமில்லீங்களா” என்று சிரித்தான்.

மண் சூளைக்குப் போகிறதா என்று நேராகவே கேட்டேன். “சூளைக்காரங்க நம்மாளுகதானுங்கண்ணா, கேக்கறாங்க” என்றான். இல்லை என்று சொல்லவே இல்லை. ஒரு வார்த்தை, இல்லைன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே, பாவி!

4 செப்டம்பர்

பால் வண்டியில் நானும் போனேன். ஏரியில் மண் அள்ளுவதைப் பார்த்தேன். அதே மண்ணைச் சூளையிலும் பார்த்தேன்.

2 அக்டோபர்

கிராம சபை. ஜீவா எழுந்து உடுக்கையை அடித்தான்.

“ஏரி மண்ணைத் தின்னது யாரு?
ஊரே கேக்குது, பேரைக் கூறு!”

அடுத்தது பின்பாட்டு. அவனுக்குத்தான் ஆளே இல்லையே! ஊர் தலையைக் குனிந்துகொண்டது. நிறுத்திவிடுவானோ? நிறுத்தவில்லை. அதையே திரும்பப் பாடினான், இன்னும் சத்தமாக. என் பையன்!

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். “கூறு, கூறு, பேரைக் கூறு!” வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பின்பாட்டுப் பாடினேன். அப்புறம் பெண்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேடையில் சின்னராஜின் உதடும் அசைந்தது. இருபது வருஷப் பழக்கம், எங்கே போகும்! சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். கூட்டமே சிரித்துவிட்டது. சிரித்தபின் யாருக்கும் பயமில்லை. மண் அள்ளுவதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் எழுதவைத்த பிறகுதான் கலைந்தார்கள்.

ஜீவா என்னைவிட நன்றாகப் பாடுகிறான். இதை எழுதும்போதும் நெஞ்சு விம்முகிறது.

29 அக்டோபர்

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் எங்களைப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே கல் குவாரிப் பிரச்சினையாம். நோட்டீஸ் வந்தது. பெரிய எழுத்தில் ஜீவா. அடியில், பின்பாட்டு: அர்த்தநாரி.

“ஏனுங்க, உங்க பேரை மட்டும் இத்தனூண்டு போட்டிருக்கறாங்க?” என்று என் வீட்டுக்காரி தமிழ்ச்செல்வி சிரிக்கிறாள்.

சிரிக்கட்டும். நோட்டீஸில் ஒன்றை இந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். இன்னொன்று சட்டைப் பையில் இருக்கிறது, டீக்கடையில் காட்ட.