சொல்லாத பேர்

ஏற்காடு

ஏனுங்க,

ஸலாம். சௌக்கியமான்னு கேக்கல. நொம்ப சௌக்கியமாத்தான் இருப்பீங்க.

லீவுல வந்தப்ப மகளை மடியில வெச்சுக்கிட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு பாஷையைப் பத்திச் சொன்னீங்களே, அதை நான் மறக்கல. இப்ப இருக்கற தென்னாப்பிரிக்காவுல சோசா பாஷை, நாக்கைச் சொடுக்கிப் பேசணும். முன்னாடி வேலை பாத்த மொசாம்பிக்ல போர்ச்சுகீஸ், மூக்கால பேசணும். சோசாப் பொண்ணுங்க கல்யாணம் ஆனா மாமனார் பேரோட சத்தம் வர்ற வார்த்தையைக்கூட வாயில எடுக்க மாட்டாங்க, "உங்கம்மா மாதிரி மரியாதை தெரிஞ்சவங்க கண்ணு"ன்னீங்க. போர்ச்சுகீஸ் பேசறவ புருசனைப் பேர் சொல்லியே கூப்புடுவான்னு சிரிச்சீங்க. நானும் பெருமையாச் சிரிச்சேன்.

அந்த வெள்ளிக்கிழமை போனைச் சார்ஜ்ல போட்டுட்டு ஜும்மாவுக்குப் போனீங்க. அது அடிச்சுது. எடுத்தேன். ஒரு பொம்பளை பேசுனா. சொடுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மூக்கு. எந்தப் பாஷைன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. உங்க பேரைச் சொன்னா, பக்கத்து ரூம்ல இருக்கறவரைக் கூப்புடற மாதிரி. பின்னால அழுத கொழந்தையையும் அந்தப் பேரைச் சொல்லியே அமத்துனா.

அன்னிக்குக் குழம்பு கருகிப்போச்சு. கவனம் எங்க இருக்குதுன்னு திட்டுனீங்க.

ரேஷன் கடையில உங்க பேரைக் கேட்டா இன்னிக்கும் மகளைத்தான் சொல்ல வெக்கறேன். இந்த லெட்டர்லயும் நான் எழுதல, பாருங்க. ஆனா இது மரியாதை இல்லீங்க.

இப்படிக்கு,
உங்க மகளோட அம்மா